பிறன் நாட்டுக் கோட்டை: 1932 ஆம் ஆண்டின் வேட்டைத் திரைப்படம் ஒன்று பற்றிய வரலாற்று நோக்கு

வெகுசனத் திரைப்படங்களை வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளும் முயற்சி அறிஞர் சிலரால் இன்றும் தயக்கத்துடனேயே நோக்கப்படுகின்றது. பொழுதுபோக்கிற்காகவும் இலாபத்திற்காகவும் ஆக்கப்பட்டவற்றிற் சமூக உண்மையைத் தேடுவது வீண் என்பது அத்தயக்கத்தின் அடிப்படை. ஆயினும் ஒரு சமூகம் தன்னைப்பற்றி வெளிப்படையாகக் கூற விரும்பாதவற்றை அதன் பொழுதுபோக்குக் கலை அறிந்தோ அறியாமலோ வெளியிட்டு விடுவதுண்டு. ஜெர்மன் திரைப்படங்களை முன்வைத்து சீக்பிரீட் கிராக்கவர் 1947 இல் வெளியிட்ட ‘கலிகாரியிலிருந்து ஹிட்லர் வரை’ என்னும் நூல் இத்தகைய ஆய்விற்கு வழிகாட்டியாக அமைந்தது. அவரது முடிபுகள் அனைத்தையும் நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால், திகிற் படங்களில் வரும் கொடுங்கோலரும் கோட்டைகளும் வெறுங் கற்பனையின் விளைவுகள் அல்ல என்ற அவரது அடிப்படை நோக்கினை நாம் புறக்கணித்தல் இயலாது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் ஆர்.கே.ஓ. நிறுவனம் 1932 செப்ரெம்பரில் வெளியிட்ட ‘த மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்’ என்னும் படமாகும். ‘கேம்’ என்னும் ஆங்கிலச் சொல் விளையாட்டு, வேட்டைக்குரிய விலங்கு ஆகிய இரு பொருளையும் தருவது. படத்தின் கரு முழுவதும் இவ்விரு பொருளுக்கும் இடையிலேயே அமைந்துள்ளது. ஏறத்தாழ ஒரு மணி நேரமே ஓடும் இப்படத்தினை ஏர்னெஸ்ட் ஷோட்சாக், ஏர்விங் பிச்செல் ஆகியோர் நெறிப்படுத்தினர். மேரியன் கூப்பர் தயாரிப்புப் பொறுப்பினை ஏற்றிருந்தார். இங்கிலாந்தில் இது ‘ஸாறோவின் வேட்டை நாய்கள்’ எனப் பொருள்படும் பெயரிற் காட்டப்பட்டது.

கதை எளிது. புகழ்பெற்ற வேட்டைக்காரனும் வேட்டை நூல்களின் ஆசிரியனுமாகிய றெயின்ஸ்போட் என்னும் அமெரிக்கன் செல்வந்த நண்பர்களுடன் உல்லாசக் கப்பலிற் பயணஞ் செய்கின்றான். கப்பல் பாறையில் மோதி அழிய, அவன் மட்டும் அருகிலுள்ள தீவொன்றிற் கரையேறுகின்றான். அங்குள்ள கோட்டையில் ஸாறோவ் என்னும் உருசியப் பிரபு வாழ்கின்றான். முன்னரே கப்பல் விபத்திலிருந்து தப்பிவந்த ஈவ் என்னும் பெண்ணும் அவளது சகோதரனும் அங்கு விருந்தினராக உள்ளனர். கடல்வழி காட்டும் விளக்குகளை இடமாற்றிக் கப்பல்களைக் கவிழ்ப்பவன் ஸாறோவே என்பதும், தப்பிவரும் மனிதரை விருந்தோம்பிப் பின்னர் காட்டில் விரட்டி வேட்டையாடுபவனும் அவனே என்பதும் பின்னர் வெளியாகின்றன. தன்னோடு வேட்டையிற் சேரும்படி அவன் விடுத்த அழைப்பினை மறுக்கும் றெயின்ஸ்போட், தானே வேட்டைப் பொருளாகின்றான்.

வேட்டையாடுவோன், வேட்டையாடப்படுவோன் என்ற பிரிவு எத்தகைய சமூக உறவினைச் சுட்டுகின்றது? அவ்வுறவின் கொடுமையை ஒத்துக்கொள்ளும் இப்படம் அதனை எவரது தலையிற் சுமத்துகின்றது? இவ்விரு வினாக்களுமே எமது அக்கறைக்குரியன.

1. கோட்டையின் மரபு

திகிற் கதைகளில் வரும் கோட்டைக்கு நீண்ட இலக்கிய மரபு உண்டு. ஹொறஸ் வால்போல் 1764 இல் வெளியிட்ட ‘ஒற்றாண்டோ கோட்டை’ என்னும் நாவல் இம்மரபின் தோற்றுவாயாகக் கொள்ளப்படுகின்றது. ஆன் றட்கிளிவ் 1794 இல் வெளியிட்ட ‘உடோல்போவின் மர்மங்கள்’ அதனைப் பெருவழக்காக்கிற்று. 1897 இல் பிறாம் ஸ்டோக்கரின் ‘டிறாக்குலா’ வெளிவந்தது. இவற்றின் காலம் ஆங்கிலேய சமூகத்தில் வணிக, கைத்தொழில் வர்க்கம் மேலோங்கி நின்ற காலமாகும். நிலப்பிரபுவின் அதிகாரம் அவ்வர்க்கத்தவருக்கு ஒரு பழைய அச்சம். சட்டத்திற்குக் கட்டுப்படாத தலைவன், தப்பமுடியாத மதில், நிலவறை, சிறைப்பட்ட பெண் ஆகியன யாவும் அவ்வச்சத்தின் உருவங்களாம்.

இங்கு மற்றோர் உண்மையும் மனங்கொள்ளத்தக்கது. ஆங்கில வாசகரை அச்சுறுத்திய இக்கோட்டைகள் மூன்றும் இங்கிலாந்தில் அமைந்தவையல்ல. ஒற்றாண்டோவும் உடோல்போவும் கத்தோலிக்க இத்தாலியில் உள்ளன. டிறாக்குலாவின் கோட்டை திரான்சில்வேனியாவில் உள்ளது. கொடுமை பிறன் நாட்டிற்கும் கடந்த காலத்திற்கும் உரியது, நமது நாடும் காலமும் அதினின்று விடுபட்டவை என்ற ஆறுதலை இந்த இடத்தெரிவு வாசகனுக்கு அளித்தது. காணி அடைப்பினால் நிலமிழந்த குடியானவனும், ஆலையில் உழைத்த சிறுவனும் அதே காலத்து இங்கிலாந்திலேயே இருந்தனர் என்பதை எண்ணிப்பார்க்கையில் இவ்வாறுதலின் கருத்துநிலைத் தொழிற்பாடு தெளிவாகும்.

திரைப்படம் இம்மரபினைத் தனதாக்கிக்கொண்டது. முர்ணோவின் ‘நொஸ்பெறாற்று’ 1922 இல் வெளிவந்தது. 1931 இல் யூனிவேர்சல் நிறுவனத்தின் ‘டிறாக்குலா’, ‘பிராங்கன்ஸ்ரைன்’ ஆகிய இரண்டும் பெருவருவாய் ஈட்டின. பொருளாதாரப் பெருமந்தத்தின் நெருக்கடியில் இருந்த ஏனைய நிறுவனங்களும் இவ்வழியை நாடின. ஆர்.கே.ஓ. படத்தின் கோட்டை இச்சூழலிலேயே எழுந்தது. கதவைத் தட்டும் உலோகப்பிடியைக் காட்டியே படம் தொடங்குகின்றது. பாதி மனிதனும் பாதி குதிரையுமான கிரேக்கப் புராணப் பிறவி ஒன்று, அம்பு தைத்த மார்புடன், மயங்கிய பெண்ணொருத்தியைச் சுமந்து நிற்கும் வடிவம் அது. வேட்டையும் பெண்ணைக் கவர்தலும் ஒன்றென்பது பிரபுவின் கொள்கை. அதனைப் படம் முதற் காட்சியிலேயே அறிவித்துவிடுகின்றது.

இக்கோட்டையைக் கட்டியவன் ஸாறோவ் அல்லன். பல நூற்றாண்டுகளுக்கு முன் போர்த்துக்கேயர் கட்டியதென்றும் அதன் இடிபாடுகளைத் தான் திருத்தியமைத்ததாகவும் அவனே கூறுகின்றான். படத்தில் இவ்வுரை ஒரு கணத்திற் கடந்து போகின்றது. ஆயின் மன்னாரில் 1560 இல் எழுந்த கோட்டையையும், 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்த்தப்பட்டபின் அங்கு எழுந்த கோட்டையையும் அறிந்த எமது வாசகர் இதனைக் கடந்து செல்லல் அரிது. தனித்த தீவிலுள்ள போர்த்துக்கேயக் கோட்டை என்பது ஐரோப்பிய மத்தியகாலத்தின் எச்சமன்று. கடல்வழி வணிகத்தைக் கைப்பற்றிய குடியேற்ற ஆட்சியின் எச்சம் அது. நிலப்பிரபுத்துவத்தின் சின்னமாகக் காட்டப்படும் இக்கோட்டையின் அத்திவாரத்திற் குடியேற்றவாதம் உள்ளது.

2. சிறுகதையும் படமும்

படத்திற்கு மூலமாயமைந்தது றிச்சாட் கொனெல் எழுதி 1924 சனவரியில் ‘கொலியேர்ஸ்’ சஞ்சிகையில் வெளிவந்த சிறுகதை. ஜேம்ஸ் கிறீல்மன் அதனைத் திரைக்கதையாக்கினார். இரண்டிற்குமிடையிலுள்ள வேறுபாடுகளை ஒப்புநோக்குதல் பயனுடையது.

சிறுகதையில் ஸாறோவ் தன் வேட்டைக்கு இரையானோர் யாவர் என்பதைக் கூறுகின்றான். சிறு சரக்குக் கப்பல்களின் மாலுமிகள், அவருள்ளும் லஸ்கர்கள், கறுப்பர், சீனர், கலப்பினத்தவர் ஆகியோரை உலகின் கழிவெனக் குறிப்பிட்டு, ஓர் உயர்சாதிக் குதிரையோ நாயோ இவர்களிற் பலரைவிடப் பெறுமதி மிக்கதென்ற கருத்தினையும் வெளியிடுகின்றான். லஸ்கர் என்போர் ஐரோப்பியக் கப்பல்களிற் குறைந்த கூலிக்கு அமர்த்தப்பட்ட ஆசியக் கடலோடிகள். அவருட் பெரும்பாலோர் இந்தியத் துணைக்கண்டத்தவர். ஸாறோவின் சொற்கள் கொடுமையானவை. ஆயினும் அக்காலத்துக் கப்பற் கூலிப் பட்டியலின் ஏற்றத்தாழ்வுகளிலிருந்து அவை வெகுதூரத்தில் இல்லை. லஸ்கர் மாலுமிக்கு ஐரோப்பிய மாலுமியிலும் மிகக் குறைந்த கூலியும், குறுகிய இடமும், மட்டமான உணவுமே ஒதுக்கப்பட்டன. அவனது உயிரின் பெறுமதியை ஸாறோவ் கணிப்பதற்கு முன்னரே கப்பற் கம்பனிகள் கணித்திருந்தன.

படத்தில் இப்பட்டியல் மறைந்துவிட்டது. இறக்கின்ற மாலுமிகள் உளராயினும் அவர்கள் பெயரளவிலேயே வருகின்றனர். நாம் இரங்கவேண்டியவர்களாக முன்னிறுத்தப்படுவோர் றெயின்ஸ்போட்டும், ஈவும், அவளது சகோதரனுமே. சிறுகதையில் இல்லாத பெண் பாத்திரத்தைப் படம் சேர்த்தது. ஆசிய, ஆபிரிக்க மாலுமிகளை நீக்கியது. காதல் அம்சம் வருவாய்க்கு உகந்ததென்பது உண்மையே. ஆனால் அதன் விளைவாக வேட்டையாடப்படுவோர் எவர் என்ற வினாவிற்கான விடையே மாறிவிட்டது.

றெயின்ஸ்போட் உயிர்தப்பும் முறையும் இதனோடு தொடர்புடையது. சிறுகதையில் அவன் மலாய் நாட்டு மனிதப் பொறி, பர்மாவின் புலிக்குழி, உகண்டாவிற் கற்ற கத்திப் பொறி ஆகிய மூன்றினையும் அமைக்கின்றான். படத்திலும் மலாய்ப் பொறி இடம்பெறுகின்றது. மலாயா, பர்மா, உகண்டா ஆகிய மூன்றும் அன்று பிரித்தானியப் பேரரசிற்குட்பட்டிருந்தவை. அங்குள்ள மக்களின் தொழினுட்ப அறிவு வெள்ளை வேட்டைக்காரனின் உயிரைக் காக்கின்றது. அவ்வறிவிற்குரிய மக்களோ கதையில் இல்லை.

முடிவிலும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சிறுகதையின் இறுதியில் றெயின்ஸ்போட் ஸாறோவை வென்று அவனது படுக்கையிலே சுகமாக உறங்குகின்றான். வென்றவன் கோட்டையின் புதிய தலைவனாகிவிட்டானோ என்ற ஐயத்தைக் கொனெல் வாசகனிடம் விட்டுச்செல்கின்றார். படத்தில் இவ்வையம் அகற்றப்படுகின்றது. றெயின்ஸ்போட்டும் ஈவும் படகேறித் தப்புகின்றனர். காயமுற்ற ஸாறோவ் அவர்கள்மீது அம்பெய்ய முயன்று, தன் நாய்களிடையே வீழ்கின்றான். கோட்டை பின்னே விடப்படுகின்றது. அமெரிக்கனுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதே இம்முடிவு தரும் செய்தி.

3. படமெடுத்தோர் வரலாறு

மேரியன் கூப்பரின் வாழ்வு இவ்விடத்தில் நோக்கத்தக்கது. முதல் உலகப் போரில் விமானியாகப் பணியாற்றிய அவர், பின்னர் போலந்து சோவியத் போரிற் போலந்தின் சார்பிற் போரிட்ட அமெரிக்க விமானப் பிரிவினை அமைப்பதில் முன்னின்றார். 1920 இல் அவரது விமானம் வீழ்த்தப்பட்டது. செம்படையினரிடம் சிறைப்பட்டு, 1921 இல் தப்பி லற்வியாவை அடைந்தார். அவர் வாழ்நாள் முழுவதும் பொதுவுடைமைக்கு எதிரானவராகவே இருந்தார்.

இத்தகையவர் தயாரித்த படத்தின் கொடியவன் ஒரு போல்ஷவிக் அல்லன். புரட்சியினால் நாடிழந்து, செல்வத்தின் பெரும்பகுதியுடன் தப்பிய பிரபு ஒருவனே கொடியவன். மூலக்கதை அவ்வாறிருந்தது ஒரு காரணம். மற்றொரு காரணம் அமெரிக்க முதலாளித்துவத்தின் தன்னுணர்வில் உள்ளது. பிரபுக்கள் அற்ற நாடாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் அது, தன் நேர்மையை நிறுவ ஒரு பிரபுவை எதிரியாக வேண்டிநிற்கின்றது. உருசியப் பிரபுத்துவத்தின்மீது சுமத்தப்பட்ட பழி ஆதாரமற்றதன்று என்பதையும் நாம் கூறுதல் வேண்டும். பண்ணையடிமை முறை அங்கு 1861 இலேயே ஒழிக்கப்பட்டது. தன் நாயைக் காயப்படுத்திய பண்ணையடிமைச் சிறுவன்மீது வேட்டை நாய்களை ஏவிய ஒரு தளபதியின் கதையைத் தொஸ்தயேவ்ஸ்கி ‘கரமசோவ் சகோதரர்’ நாவலில் இவான் வாயிலாகக் கூறவைத்துள்ளார்.

கூப்பரும் ஷோட்சாக்கும் இதற்கு முன்னர் எடுத்த படங்களையும் நினைவுகொள்ளல் வேண்டும். பாரசீகத்தின் பக்தியாரி மக்களது இடப்பெயர்வைக் காட்டும் ‘கிராஸ்’ 1925 இலும், சியாமின் வடபகுதிக் காட்டில் எடுக்கப்பட்ட ‘சாங்’ 1927 இலும் வெளிவந்தன. சுமாத்திராவில் ஷோட்சாக் எடுத்த ‘ராங்கோ’ 1931 இல் வந்தது. தொலைநாட்டுக் காடும், விலங்கும், மக்களும் இப்படங்களிற் காட்சிப் பொருள்களாயின. துப்பாக்கியுடன் சென்ற வேட்டைக்காரனைப் பின்பற்றிப் படக்கருவியும் அந்நிலங்களுக்குட் சென்றது.

1932 இல் அவர்கள் ஹொலிவூட்டிலேயே காட்டினை அமைத்தனர். ‘கிங் கொங்’ படத்திற்குரிய காட்டரங்கிலேயே ஸாறோவின் வேட்டையும் படமாக்கப்பட்டது. பே றே, றொபேட் ஆம்ஸ்ற்றோங் ஆகியோர் இரு படங்களிலும் நடித்தனர். மாக்ஸ் ஸ்ரைனர் இரண்டிற்கும் இசையமைத்தார். செலவுச் சிக்கனம் இதன் உடனடிக் காரணம். எனினும் 1933 மார்ச்சில் வெளிவந்த ‘கிங் கொங்’ படத்தில் அமெரிக்கப் படப்பிடிப்பாளரே தீவிற் புகுந்து விலங்கினைப் பிடித்துக் கொணர்ந்து காட்சிக்கு வைத்து இலாபம் தேடுகின்றனர் என்பது கருதத்தக்கது. உருசியப் பிரபு செய்யும்போது பித்தாகத் தோன்றிய செயல், அதே காட்டில் அமெரிக்க வணிகன் செய்யும்போது துணிகரச் சாதனையாகத் தோன்றுகின்றது.

4. நாய்களின் வரலாறு

கொனெல் தன் கதையினைக் கரீபியன் கடற் தீவொன்றில் அமைத்தார். மனிதரை நாய்களால் வேட்டையாடுதல் அக்கடலிற் கற்பனைச் செயலன்று. 1795 இல் யமேக்காவின் மறூன்கள், அதாவது அடிமைத்தளையிலிருந்து தப்பி மலைகளில் வாழ்ந்தோரும் அவர்தம் வழியினரும், பிரித்தானியருக்கு எதிராகக் கிளர்ந்தனர். அவர்களை அடக்க ஏறத்தாழ நூறு நாய்களும் அவற்றைப் பழக்குவோரும் கியூபாவிலிருந்து தருவிக்கப்பட்டனர். நாய்கள் வந்த செய்தியே சரணடைதலை விரைவுபடுத்திற்று. 1796 இல் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மறூன்கள் நோவாஸ்கோசியாவிற்கு நாடுகடத்தப்பட்டனர். 1803 இல் செயின்ற் டொமிங்கோவில் அடிமைகளின் புரட்சியை எதிர்த்த பிரெஞ்சுத் தளபதி றொஷாம்போவும் கியூபாவிலிருந்து நாய்களைக் கொணர்ந்தான். அப்புரட்சி வென்று 1804 சனவரி முதலாந் திகதி ஹெயிற்றி என்னும் சுதந்திர நாடு பிறந்தது.

ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும் தப்பியோடிய அடிமைகளைச் சதுப்பு நிலங்களில் நாய்கள் துரத்தின. தப்பியோடியோரைப் பிடித்துத் திருப்பியனுப்ப வட மாநிலத்தவரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் 1850 இல் நிறைவேறியது. அடிமைமுறை ஒழிந்ததோ 1865 இலேயாம். 1932 இல் இப்படத்தைப் பார்த்த அமெரிக்கரிடையே அடிமைகளாய்ப் பிறந்து முதுமையெய்திய கறுப்பின மக்களும் வாழ்ந்துகொண்டிருந்தனர். சதுப்பு நிலம், மூடுபனி, நாய்களின் குரைப்பு, மூச்சுவாங்க ஓடும் மனிதன் என்ற காட்சித்தொடர் அவர்களுக்குக் கோதிக் கற்பனையாக இருந்திருத்தல் இயலாது.

படத்தில் நாய்களுடன் ஸாறோவிற்குத் துணைநிற்கும் ஊமை ஊழியன் இவான் ஒரு கொசாக்கியன். அப்பாத்திரத்தில் நடித்தவர் நோபிள் ஜோன்சன் என்னும் கறுப்பினக் கலைஞர். முகத்திற்கு வெண்ணிறம் பூசி அவர் இப்பாத்திரத்தை ஏற்றார். இவர் 1916 இல் தன் சகோதரருடன் சேர்ந்து லிங்கன் திரைப்படக் கம்பனியை நிறுவி, கறுப்பின மக்களை மதிப்புடன் காட்டும் படங்களை ஆக்க முனைந்தவர். அக்கம்பனி சில ஆண்டுகளே நிலைத்தது. 1932 இல் அவருக்குக் கிடைத்தது பேச்சற்ற அடியாளின் பாத்திரம். அடுத்த ஆண்டு ‘கிங் கொங்’ படத்திற் கிடைத்தது தீவுவாசிகளின் தலைவன் பாத்திரம். நாய்களால் துரத்தப்பட்ட ஓர் இனத்தின் கலைஞர், வெள்ளையனைத் துரத்தும் நாய்களின் பக்கத்தில் வெள்ளை முகத்துடன் நிறுத்தப்பட்டார். வரலாறு தலைகீழாக்கப்பட்டதற்கு இதனிலும் துலக்கமான சான்று வேண்டியதில்லை.

ஸாறோவாக நடித்த லெஸ்லி பாங்ஸ் பற்றியும் ஒரு குறிப்பு. முதல் உலகப் போரிற் பெற்ற காயத்தினால் அவரது முகத்தின் ஒரு பக்கம் வடுவுற்றுச் செயலிழந்திருந்தது. படத்தில் வரும் ஸாறோவின் தலைக்காயமோ ஆபிரிக்க எருமை ஒன்றினால் ஏற்பட்டதாம். ஏகாதிபத்தியப் போரின் வடு, வேட்டைக் களத்தின் வடுவாகப் பெயர்மாறித் திரையில் தோன்றுகின்றது.

5. முரண்பாடும் மதிப்பீடும்

இவற்றைக்கொண்டு இப்படத்தினை வெறும் ஏகாதிபத்தியப் பிரசாரமென ஒதுக்குதல் பொருந்தாது. தொடக்கத்தில் கப்பலில் நடைபெறும் உரையாடலில், காட்டுவிலங்கு பசிக்காகக் கொல்கின்றது, மனிதன் விளையாட்டிற்காகக் கொல்கின்றான், இவர்களுள் நாகரிகமுடையோர் எவர் என்ற வினா எழுகின்றது. உலகில் வேட்டையாடுவோர், வேட்டையாடப்படுவோர் என இருவகையினரே உளர், தான் முதல் வகையினன், அது மாறப்போவதில்லை என்கிறான் றெயின்ஸ்போட். அவ்வார்த்தை முடிந்த சிறிது நேரத்திலேயே கப்பல் மோதுகின்றது. பின்னர் காட்டில் விரட்டப்படுகையில், தான் முன்னர் வளைத்துப் பிடித்த விலங்குகளின் உணர்வு இப்போதுதான் தெரிகின்றதென அவனே ஒப்புக்கொள்கின்றான். வேட்டைக்காரனை வேட்டையாடப்படுவோனின் நிலையில் நிறுத்தி அவனது நோக்கினை மாற்றும் இவ்வுத்தி உண்மையான திறனாய்வுத் தன்மை உடையது. வேட்டைச் சின்னங்கள் வைக்கப்பட்ட அறையிற் சுவரில் மாட்டப்பட்ட மனிதத் தலையைக் காணும் பார்வையாளன், பேரரசின் மாளிகைச் சுவர்களில் உள்ள விலங்குத் தலைகளை அதன்பின் முன்போலப் பார்க்கமுடியாது.

ஆனால் படம் தானெழுப்பிய வினாவின் முழு விடையையும் கூறும் துணிவற்றுப் பின்வாங்குகின்றது. வேட்டையாடும் உறவு ஒரு சமூக உறவு என்பதை மறைத்து, அதனை ஒரு தனிமனிதனின் தலைக்காயத்தால் விளைந்த பித்தாகச் சுருக்குகின்றது. அவன் இறந்ததும் உறவும் இறந்ததாகக் காட்டுகின்றது. படம் வெளிவருவதற்கு ஏறத்தாழ இரு மாதங்களுக்கு முன்னர், 1932 யூலை 28 ஆந் திகதி, தமக்குரிய போர்க்கால மேலூதியத்தைக் கேட்டு வாசிங்டனிற் கூடியிருந்த வேலையற்ற முன்னாட் படைவீரரைத் தளபதி மக்ஆதரின் படையினர் கண்ணீர்ப்புகையும் துப்பாக்கி முனைக் கத்திகளும் கொண்டு துரத்தி, அவர்களது குடிசைகளை எரிய விட்டனர். மனிதர் மனிதரை விரட்டுவதைக் காண அமெரிக்கப் பார்வையாளர் தொலைத்தீவிற்குச் செல்லவேண்டிய தேவை அன்று இருக்கவில்லை.

இப்படத்தின் பிற்கால மறுவடிவங்கள் எமது கருத்திற்கு வலுவூட்டுவன. இதே நிறுவனம் 1945 இல் றொபேட் வைஸின் நெறியாள்கையில் ‘எ கேம் ஒவ் டெத்’ என்ற பெயரில் இக்கதையை மீண்டும் எடுத்தபோது கொடியவன் ஜெர்மனியனாக மாறினான். 1956 இல் வந்த ‘றன் போர் த சண்’ படத்தில் நாசிகளுக்குத் துணைபோன ஆங்கிலேயத் துரோகியும் தப்பியோடிய நாசி ஒருவனும் அவ்விடத்தைப் பெற்றனர். காலத்திற்கேற்ப வேட்டைக்காரனின் நாட்டுரிமை மாறிற்று. மூன்றிலும் அவன் அமெரிக்கனுக்குப் பிறனாகவே இருந்தான். ஒற்றாண்டோ காலந்தொட்டுக் கோட்டை பிறன் நாட்டில் அமைக்கப்பட்டு வந்த மரபு இவ்வாறு இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது.

முற்போக்கு நோக்குடைய ஆய்வாளர் இத்தகைய படங்களை அணுகுகையில், அவை எதை அச்சுறுத்தலாகக் காட்டுகின்றன என்பதுடன் அமையாது, அவ்வச்சுறுத்தலை எங்கே கொண்டுபோய் வைக்கின்றன, எவரது துன்பத்தைக் கணக்கிலிருந்து நீக்குகின்றன என்பவற்றையும் ஆராய்தல் வேண்டும். இப்படத்தில் நீக்கப்பட்டோர் பெயரற்ற மாலுமிகள். கொனெலின் கதையில் ஒரு வசைச்சொல்லாகவேனும் இடம்பெற்ற லஸ்கர், திரைக்கு வரும்போது அதனையும் இழந்துவிட்டான். அவனையும், கியூப நாய்கள் துரத்திய மறூனையும், வெண்ணிறப் பூச்சின்கீழ் மறைக்கப்பட்ட கலைஞனையும் மீண்டும் கணக்கிற் சேர்க்கும்போதுதான் ஸாறோவின் கோட்டை எந்நாட்டது, அதற்குக் கல் சுமந்தோர் யாவர் என்பன புலனாகும். திரைப்பட வரலாறு செய்யவேண்டிய பணிகளுள் இதுவும் ஒன்றென்பது எமது துணிபு.